எலும்புக் கத்தி

குன்னூர் மார்க்கெட்டில் வேறு கறிக்கடைகளும் இருந்தன. அங்கே ஒரே கத்தியால் தோலை உரித்து, அதே கத்தியால் எலும்பையும் வெட்டிக் காலம் தள்ளினார்கள். ஞானாபரணம் கடையில் அது நடக்காது. அங்கே மூன்று கத்திகள். தோல் கத்தி விரலால் அழுத்தினால் வளையும். தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைந்து ஓட்டை விழாமல் உரிப்பதற்கு அந்த மென்மை வேண்டும். சதைக் கத்தி அதைப்போல இரு மடங்கு தடிமன். வளையாது, ஆனால் மூட்டு இடுக்கில் புகுந்துவிடும். மூன்றாவது எலும்புக் கத்தி. லாரிப் பட்டை இரும்பில் அடித்தது. முதுகு அரை விரல் அகலம் இருக்கும். முதுகிலிருந்து வாய் வரை கன்னம் ஆப்புப் போலச் சரிந்து வரும். அந்தச் சரிவுதான் எலும்பைப் பிளக்கிறது. சரிவு இல்லாத கத்தி எலும்பில் இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டிய கத்தியைத் திருகினால் எலும்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அல்லது கத்தி தெறிக்கும்.

ஞானாபரணம் இறந்த பிறகு கடையை மகன் பொன்ராஜ் நடத்தினார். கத்திகள் மட்டும் அவரிடம் இல்லை. மூத்த மகள் தபித்தாளிடம் இருந்தன. கல்யாணமான மறு வருஷமே விதவையாகிப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள் தபித்தாள். வாழ்நாளில் ஒரு கோழியைக்கூட வெட்டியதில்லை. வெட்டுகிற ஆண்கள் கத்திக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொள்ளக் கூடாது, வெட்டாத ஒருத்தி பிரித்துக் கொடுக்கட்டும் என்று ஞானாபரணம் பெட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கடையில் தினம் புழங்கும் கத்திகள் வேறு. பெட்டியில் இருந்தவை அசனக் கத்திகள்.

வருஷத்துக்கு ஒருமுறை கோயில் பிரதிஷ்டை நாளில் சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் விருந்துதான் அசனம். எஸ்டேட் ரைட்டரும் கொழுந்து பறிக்கிறவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒவ்வோர் இலையிலும் ஓர் எலும்புத் துண்டு விழ வேண்டும். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்ற பேச்சு வரக் கூடாது. அந்த எலும்பை வெட்டுகிற உரிமை, கோயில் தகரக் கொட்டகையாக இருந்த காலத்திலிருந்து ஞானாபரணம் குடும்பத்துக்கு உரியது. அன்று காலை போதகர் ஜெபித்து முடித்ததும் தபித்தாள் பெட்டியைத் திறப்பாள். எலும்புக் கத்தியை எடுத்து ஒரு பெயரைச் சொல்லி நீட்டுவாள். அந்தப் பெயருக்கு உரியவன்தான் அடுத்தாற்போல் கடைக்கும் குடும்பத்துக்கும் தலைவன். வேறு அறிவிப்பு கிடையாது.

இத்தனை வருஷமாக அது பொன்ராஜின் பெயராக இருந்தது. இந்த வருஷம் அவருக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. இளையவர்களில் ஒருவனுக்குத்தான் போக வேண்டும். இளையவர்கள் இரண்டு பேர்.

ஒருவன் பொன்ராஜின் மகன் டக்ளஸ். பார்க்க லட்சணமானவன், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவன், கத்தியை வீசி வெட்டுகிறவன். இன்னொருவன் எட்மண்ட், பொன்ராஜின் இறந்துபோன தம்பியின் மகன். அந்தத் தம்பி குந்தாவில் அணை வேலை நடந்தபோது கேம்ப்புக்குக் கறி கொண்டுபோனவன். போன இடத்தில் அங்கே மண் சுமந்துகொண்டிருந்த பிலோமி என்கிற வேதக்காரப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆர்.சி. பெண், சாதியும் இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. தம்பி மஞ்சள் காமாலையில் செத்த பிறகு, பின்கட்டில் ஓர் அறையை ஒதுக்கி அவளையும் குழந்தையையும் இருக்கவிட்டார்கள். பிலோமி வீட்டு வேலைகளைச் செய்தாள். முன்னறைக்கு வந்ததில்லை. தபித்தாள் அவளோடு நேருக்கு நேர் பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

ஆனால் கை எட்மண்டுடைய கைதான். அதில் தபித்தாளுக்குச் சந்தேகமே இல்லை. அவன் ஓங்கி வெட்டுவதில்லை. கத்தியின் பாரத்தை அதன் போக்கில் விழவிடுவான். ஒரே வெட்டில் எலும்பு இரண்டாகும். கட்டையில் பொடிகூட இருக்காது. அப்பா எழுதி வைக்காத சட்டம் அது: நல்ல கைக்கு நல்ல கத்தி. அதில் யார் இரத்தம் என்று பார்க்கும்படி அப்பா சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் வீட்டார் முன்னால் தபித்தாள் சொன்னாள்.

“இந்த வருசம் எட்மண்டு.”

டக்ளஸ் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். பொன்ராஜ் பைபிளை மூடி உறையில் போட்டார். கதவுக்கு அப்பால் நின்ற பிலோமி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எட்மண்ட் தலை குனிந்து நின்றான்.

“ஊருக்குள்ள யாரும் வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள் தபித்தாள். “சனிக்கிழமை என் கையில இருந்து தெரிஞ்சாப் போதும்.”

எட்மண்டுக்கு அந்தக் கத்தியில் ஒரு வாழ்க்கையே இருந்தது. அருவங்காடு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்த தனசிங், தன் இரண்டாவது பெண்ணுக்கு அவனை விசாரித்துக்கொண்டிருந்தார். பெண்ணும் அவனைப் பார்த்திருந்தாள், அவனும் பார்த்திருந்தான். பையனைப் பற்றி அவருக்குக் குறை இல்லை. பையனின் அம்மாவைப் பற்றித்தான் அவர் வீட்டில் பேச்சு. “அவிங்க ஊட்டுல அவனை மகனா வெச்சிருக்காங்களா, வேலைக்காரனா வெச்சிருக்காங்களான்னு அசனத்தன்னிக்குத் தெரிஞ்சுரும். கத்தி அவன் கைக்கு வந்தா எனக்குச் சம்மதம். வரலேன்னா எனக்குத் தெரியாத ஆளு,” என்று தனசிங் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை பொன்ராஜ் அக்காவிடம் வந்து சாவி கேட்டார்.

“கத்தி எல்லாம் துருப்புடிச்சிருக்கும்க்கா. எண்ணெ போட்டு வெக்கறேன்.”

“ஒவ்வொரு வருசமும் எட்மண்டுதானே போடுவான்?”

“கத்தி வாங்கப்போறவனே எண்ணெ போடறதா? நல்லாவா இருக்கும்?”

அது நியாயமாகப் பட்டது. கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் சாவி திரும்பி வந்தது.

சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் பனி விலகவில்லை. புளியங்கட்டைகளைக் கழுவிப் போட்டிருந்தார்கள். ஆடுகளை விடிவதற்கு முன்பே அறுத்து உரித்துத் தொங்கவிட்டாயிற்று. வெங்காயம் உரிக்கிற பெண்கள் ஒரு பக்கம் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பிலோமி அவர்களுக்கு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“ஏ பிலோமி, என்ன இன்னிக்கு இவ்வளவு அழுவறே? வெங்காயமா, மகனா?” என்று ஒருத்தி கேட்டாள்.

“வெங்காயந்தானுங்க.”

“மகனுக்குப் பொண்ணு வந்துட்டா முன்னறையில நாற்காலி போட்டு உக்காருவியாமே?”

“நாற்காலி எதுக்குங்க, தரையே போதும்,” என்றாள் பிலோமி. பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எப்போதும் சிரிக்காதவள் சிரித்ததைத் தபித்தாள் தூரத்திலிருந்து கவனித்தாள்.

சமையல் கொட்டகைக்குப் பின்னால் பெட்டியை வைத்து, தனியாக நின்று திறந்தாள். இது ஒவ்வொரு வருஷமும் செய்வது. மூன்று கத்திகளையும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்குப் போவாள். தோல் கத்தி சரி. சதைக் கத்தி சரி. எலும்புக் கத்தியைத் தூக்கியதும் அவள் கை கொஞ்சம் மேலே போயிற்று. எதிர்பார்த்த கனம் இல்லை.

முதுகைத் தடவினாள். அதே அரை விரல். பிடி அதே பிடி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு கன்னங்களிலும் வைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கி இறக்கினாள். பாதிக்குக் கீழே விரல்கள் நெருங்கிவிட்டன. கன்னத்தில் சரிவு இல்லை. உட்பக்கமாகக் குழித்து, இரும்பைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். மேலே எண்ணெயும் அடுப்புச் சாம்பலும் பூசி மினுக்கி வைத்திருந்தது. பார்க்கிறவனுக்கு எலும்புக் கத்தி. வெட்டுகிறவனுக்குச் சதைக் கத்தியைவிட மெலிந்த தகடு. தொடையெலும்பில் இறங்கினால் மாட்டும். திருகினால் போய்விடும்.

தபித்தாள் பொன்ராஜை அழைத்துவரச் சொன்னாள். அவர் புது வேட்டி கட்டி, கமிட்டி மெம்பருக்கு உரிய நாடாவைச் சட்டையில் குத்தியிருந்தார்.

“இதப் புடி.”

அவர் பிடிக்கவில்லை.

“எங்க கொண்டுபோய்த் தேச்சே? மேட்டுப்பாளையத்துலயா?”

“என்னக்கா சொல்றே? எண்ணெ போட்டேன், அவ்வளவுதான்.”

“பொன்ராஜு. எனக்குக் கை இருக்கு.”

பொன்ராஜ் சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“குந்தாக்காரி மகன் கையில அப்பா கத்தியக் குடுப்பே, நாஞ் சபை முன்னால நின்னு கையத் தட்டணுமா? நாளைக்கு அவன் கடையில முதலாளி. எம்மகன் அவனுக்குத் தோலு உரிக்கணும். அவ முன்னறைக்கு வருவா. நீ எழுந்து எடம் விடுவியா?”

“விடமாட்டேன்.”

“அப்புறம்?”

“அவளை நானும் உள்ள சேக்கல. அது வேற. அவன் வேண்டாம்னா எங்கிட்ட வந்து வேண்டாம்னு சொல்லியிருக்கணும். எம்மூஞ்சிக்கு நேரா சண்டை போட்டிருக்கணும். நீ என்ன பண்ணுனே? அசனக் கத்தியப் போயி பொய் சொல்ல வெச்சிருக்கே. அப்பா கத்தி. சபை சாப்பிடற கறி.”

“ஒரு தடவ மாட்டிக்கும். ஊரு சிரிக்கும். தனசிங் போயிருவாரு. அவ்வளவுதான்க்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதா?”

“ஆகாது.”

தபித்தாள் கத்தியைத் துணியில் சுற்றினாள். கடையிலிருந்து தினக் கத்தியை எடுத்துவரச் சொல்லலாம். பத்து நிமிஷ வழி. ஆனால் அசனக் கத்தி எங்கே என்று முதல் ஆளே கேட்பான். பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட, பொன்ராஜ் ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார்.

“ஒண்ணும் ஆகாதுன்னா சரி,” என்றாள். “டக்ளசு வெட்டட்டும்.”

பொன்ராஜின் வாய் திறந்து நின்றது.

“உனக்கு வேண்டியது அதுதானே? உம்மகன் பேரையே சொல்றேன். அவன் கத்திய ஓங்கறதுக்குள்ள நீ எழுந்து, நாந்தான் தேச்சேன்னு சொல்லு. சொன்னா நிறுத்திருவேன். சொல்லலேன்னா வெட்டட்டும்.”

“அக்கா, சபை முன்னாலயா?”

“பின்ன? அப்பா கத்தி சபைக் கத்தி.”

ஜெபம் நடந்தது. போதகர் நீளமாக ஜெபித்தார். தனசிங் முன்னால் நின்றிருந்தார்; பக்கத்தில் அவர் பெண், முக்காட்டைக் கன்னம் வரை இழுத்துவிட்டிருந்தாள். எட்மண்ட் புதுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கட்டைக்கு அருகில் வந்து நின்றான். தபித்தாள் துணியை விலக்கி, கத்தியின் பிடியை வெளிப்பக்கமாக வைத்து நீட்டினாள்.

“டக்ளஸ்.”

முதலில் டக்ளசுக்கே புரியவில்லை. யாரோ அவனை முதுகில் தள்ளினார்கள். அவன் சிரித்துக்கொண்டே வந்து வாங்கினான். சபை மூப்பர் ஸ்தோத்திரம் சொன்னார். எட்மண்ட் அத்தையின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, பொன்ராஜைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனசிங் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணை அம்மாவிடம் போகச் சொன்னார். வெங்காயப் பெண்கள் பிலோமியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டக்ளஸ் ஒரு முழுத் தொடையைக் கட்டையில் போட்டு, இடது கையால் அழுத்திப் பிடித்தான். தபித்தாளின் கண் தம்பியை விட்டு அசையவில்லை. பொன்ராஜ் முன் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒருமுறை எழுந்திருக்கப் போவதுபோல முன்னால் சாய்ந்தார். அவருக்கு இந்தப் பக்கம் போதகர், அந்தப் பக்கம் கமிட்டிச் செயலாளர். பிறகு சாய்ந்தபடியே இருந்துவிட்டார்.

டக்ளஸ் தன் வழக்கப்படி ஓங்கி வெட்டினான். எலும்பு பிளக்கிற சத்தம் வரவில்லை. தகரத்தில் கல் விழுந்த சத்தம் வந்தது. கத்தி பாதி எலும்பில் மாட்டி நின்றது.

“மாப்பிள்ளைக்குக் காலைல கஞ்சி ஊத்தலியா?” என்று சமையல்காரர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. டக்ளசும் சிரித்துக்கொண்டு கத்தியைத் திருகி இழுத்தான்.

கத்தி முறிந்தது. நெட்டுக்கு ஒரு துண்டு தெறித்து, தொடையைப் பிடித்திருந்த அவனுடைய இடது உள்ளங்கையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. அவன் கையைத் தூக்கிப் பார்த்தான். நடுவிரலும் மோதிரவிரலும் துணிபோலத் தொங்கின. அதற்குப் பிறகுதான் கத்தினான்.

பொன்ராஜ் அப்போது எழுந்தார். ஓடிப்போய் மகனைப் பிடித்துக்கொண்டார். “ஐயோ, எம்புள்ள, எம்புள்ள” என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. டக்ளசை ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடப் போகவிருந்த பொன்ராஜின் தோளில் தபித்தாள் கை வைத்தாள்.

“நீ இங்க இரு.”

“அக்கா—”

“குடும்பத்துல ஒரு ஆம்பள இங்க நிக்கணும். அசனம் நிக்கக் கூடாது.”

இரத்தம் பட்ட தொடையைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். கட்டையை மாற்றினார்கள். தெறித்த துண்டுகளைப் பொறுக்கி, முறிந்த கத்தியோடு சேர்த்துப் பார்த்து, ஒன்றும் விடுபடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் போதகர் மறுபடி ஜெபித்தார். கடையிலிருந்து தினக் கத்தி வந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. போதகர் எட்மண்டைப் பார்த்துத் தலையசைத்தார்.

எட்மண்ட் வெட்டத் தொடங்கினான். கத்தி விழும், எலும்பு விலகும். துண்டுகள் ஒரே அளவில் குவிந்தன. பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கட்டையைச் சுற்றி வந்து நின்று பார்த்தார்கள். தனசிங்கும் வந்து நின்றார். வெகு நேரம் பார்த்தார்.

“கை சுத்தம்,” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். “யாரு கையில குடுக்கணும்கறது சாமிக்குத் தெரிஞ்சிருக்குது, பாருங்க.” திரும்பித் தன் பெண்ணின் பக்கம் பார்த்தார். அவள் மறுபடி முன்னால் வந்திருந்தாள்.

பிலோமி எழுந்து நின்றுவிட்டாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

தனசிங் அதோடு நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவர் முப்பது வருஷம் இரும்போடு பழகியவர். சும்மா இருக்க முடியாமல், சாக்கில் போட்டிருந்த முறிந்த கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையால் எண்ணெயைத் துடைத்தார். முகம் மாறியது.

“அம்மா, இங்க கொஞ்சம் வாங்க,” என்று தபித்தாளைக் கூப்பிட்டார். “இது பழைய இரும்புன்னு ஒடையலைங்க. முதுகுல கை வெக்கல, கன்னத்துல சக்கரம் ஓடியிருக்கு. இதா, இந்த நீலத்தப் பாருங்க. மெஷின் சக்கரத்துல சூடேறுனாத்தான் இந்த நிறம் வரும். சூட்டோட தண்ணியில முக்கியிருக்கான். எங்க ஒர்க்ஷாப்புல தெனமும் பார்க்கிறது. வேணும்னு யாரோ பண்ணுன வேலை.”

சுற்றி இருந்தவர்கள் நெருங்கினார்கள். கத்தி கைமாறியது. ஒவ்வொருவரும் விரலை வைத்துப் பார்த்தார்கள்.

“யாருங்க தேச்சது?” என்று போதகர் கேட்டார்.

“கத்தி தேய்க்கிறதெல்லாம் எட்மண்டுதானுங்களே, ஐயா,” என்றார் பொன்ராஜ். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எட்மண்ட் கத்தியைக் கட்டையில் வைத்தான்.

“நான் கல்லுலதான் தேய்ப்பேனுங்க. மெஷினுக்கு நான் எங்க போவேன்? அசனக் கத்தி பெட்டிக்குள்ள இருந்துச்சு. சாவி அத்தைகிட்ட. இந்த வாரம் நான் வாங்கவே இல்லைங்க.”

“அப்ப யாரு வாங்குனது?” தனசிங் தபித்தாளைக் கேட்டார். “சாவி உங்க இடுப்புல இருக்குது. உங்களுக்குத் தெரியாமப் போகாதுங்க.”

எல்லோரும் தபித்தாளைப் பார்த்தார்கள். அவள் முதுகு வளையாமல் நின்றாள். தம்பியின் சட்டையில் மகனின் இரத்தம் காய்ந்துகொண்டிருந்தது. அவர் பேசுவதற்கு அவள் ஒரு முழு மூச்சு நேரம் கொடுத்தாள். அவர் பேசவில்லை.

பொன்ராஜ் பெயரைச் சொன்னால், அசனக் கத்தியைக் கெடுத்தவன் என்ற பெயர் கடைப் பலகையில் ஏறும். பெற்ற மகன் கையை வெட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் என்று ஏறும். ஞானாபரணத்தின் பெயர் இருக்கிற பலகை அது. அடுத்த வருஷம் கத்தி வேறு குடும்பத்துக்குப் போகும். பேரப்பிள்ளைகளின் கல்யாணத்திலும் இதைத்தான் பேசுவார்கள். எட்மண்ட் பெயரைச் சொன்னால் அது பின்கட்டோடு நின்றுவிடும். குந்தாவிலிருந்து வந்தது, குந்தாவுக்குப் போயிற்று என்பார்கள்.

அவள் வெகு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

“எட்மண்டுதான் வாங்குனான்,” என்றாள். “எண்ணெ போடறேன்னு வாங்குனான். வியாழக்கிழமை.”

“அத்தே!”

“ஏங்க, இவனுக்குத்தானே கத்தி வரும்னு ஊரே பேசுச்சு?” என்றார் தனசிங். “தன் கத்தியத் தானே கெடுத்துக்குவானா?”

“யாரு சொன்னது? டக்ளசுக்குன்னு புதன்கிழமையே ஊட்டுல சொல்லிட்டேன். இவன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போனான். கேளுங்க, எந்தம்பி இருக்கான்.”

பொன்ராஜ் தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

எட்மண்ட் எல்லோர் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். பிறகு அத்தையிடம் ஒரே ஓர் அடி முன்னால் வந்தான். கறி வெட்டிய கை; விரல் நுனியில் கொழுப்பு மினுங்கியது. யாரோ, “டேய், அந்தக் கத்திய எட்ட எடுங்கடா,” என்று கத்தினார்கள். கத்தி கட்டையில்தான் இருந்தது. இருந்தும் இரண்டு பேர் பாய்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் திமிறவில்லை.

“நீங்க சொன்னாப் போதும் அத்தே. எனக்குக் கத்தி வேண்டாம். நான் பண்ணலேன்னு மட்டும் சொல்லுங்க.”

“நாஞ் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.”

தனசிங் முறிந்த கத்தியைச் சாக்கில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். பெண் அழ ஆரம்பித்திருந்தாள். “போதும், நட. சாப்பாடு வேண்டாம்,” என்று அவளை முன்னால் விட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பாதையில் இறங்கினார். போதகர் எட்மண்டை வளாகத்துக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவன் நடந்து போக வழி தானாகவே திறந்தது.

பிலோமி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தபித்தாளின் முன்னால் வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள்.

“புதங்கிழமை நானும் கதவுக்குப் பின்னால இருந்தேனுங்க,” என்றாள். “எங்காதுலயும் விழுந்துச்சுங்க.”

தபித்தாள் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

“வெங்காயம் உரிக்கிற ஆளு ஒண்ணு கொறையுது,” என்று அந்தச் சுவரிடம் சொன்னாள். “யாராவது வந்து உக்காருங்க.”

மிச்ச ஆடுகளைப் பொன்ராஜ் வெட்டினார். தோள்பட்டை இறங்கின கை. தினக் கத்தியை இரண்டு கையாலும் தூக்கி வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் முனகினார். நிறுத்த அக்கா விடவில்லை. பந்தி நேரம் தவறாமல் தொடங்கியது. ஒவ்வோர் இலையிலும் எலும்பு விழுந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரலும் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பின்கட்டு அறை திறந்து கிடந்தது. பிலோமியும் மகனும் ஊட்டி பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். குந்தாவுக்கு அங்கே மாற வேண்டும்.

பொன்ராஜ் முன்னறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை இடித்துக்கொண்டு அழுதார். தபித்தாள் அழுகை ஓயும்வரை நின்றாள்.

“நாளைக்கு ஞாயித்துக்கிழம,” என்றாள். “கோயிலுக்குப் போகணும். முன்வரிசையில உன்னோட எடத்துல உக்காரு.”

“முடியாதுக்கா. எல்லாரும் என் கையப் பாப்பாங்க. டக்ளசு கையக் கேப்பாங்க.”

“கேக்கட்டும். எட்மண்டு பண்ணுனதுன்னு சொல்லு. கேக்கற ஒவ்வொருத்தன்கிட்டயும் நீதான் சொல்லணும், உன் வாயால. டக்ளசு கேட்டாலும் அதையேதான் சொல்லணும்.”

பொன்ராஜ் அக்காவின் காலைப் பிடித்தார். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

“எந்திரி. வேட்டிய மாத்து. ஊட்டு வாசல்ல ஆளுங்க வந்து நிக்கறாங்க.”